வக்கீல் எழுதிய பதில்: ஒரு அண்ணன், ஒரு தங்கை, ஒரு நாவல்

1857 மே மாதம் ஜெர்சி தீவிலிருந்து இங்கிலாந்தின் வார்விக்‌ஷயருக்கு ஒரு கடிதம் போகிறது. எழுதியவர் மேரி ஆன் எவன்ஸ், வயது 37. பெறுநர் அவருடைய சொந்த அண்ணன் ஐசக் எவன்ஸ். சேதி இதுதான்: எனக்கு இப்போது என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு கணவர் இருக்கிறார். அவர் பெயர் லூயிஸ். இனி எனக்கு வரவேண்டிய வட்டிப் பணத்தை அவருடைய வங்கிக் கணக்கில் கட்டிவிடு.

ஜூன் மாதம் பதில் வந்தது. ஆனால் எழுதியது அண்ணன் இல்லை, குடும்ப வக்கீல் ஹோல்பெக். உங்கள் அண்ணன் மிகவும் மனம் புண்பட்டிருக்கிறார், சகோதர பாவத்தோடு அவரால் எழுத முடியவில்லை, திருமணம் எப்போது எங்கே நடந்தது, கணவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைத் தெரியப்படுத்தவும். இதுதான் சாராம்சம்.

இந்த மேரி ஆன் எவன்ஸ்தான் ஜார்ஜ் எலியட். அந்த வக்கீல் கடிதத்துக்குப் பிறகு அண்ணனிடமிருந்து ஒரு வரி வர 23 வருஷம் ஆனது. இடையில், 1860 ஏப்ரலில், அவர் வெளியிட்ட நாவல் 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்'. தங்கையை வீட்டு வாசலிலேயே நிறுத்தி விரட்டும் ஓர் அண்ணனின் கதை.

இந்த நாவலுக்குள் நான் போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்க அப்பாவும் அத்தையும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அத்தை தானே பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். அந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன ஒரே தபால், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டு வக்கீல் அனுப்பிய ரிஜிஸ்டர் தபால்தான். அதனால் ஹோல்பெக் கடிதம் பற்றி முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரி, அது போகட்டும்.

முதலில் குடும்பம். அப்பா ராபர்ட் எவன்ஸ், நியூடிகேட் என்ற நிலப்பிரபுக் குடும்பத்தின் ஆர்பரி எஸ்டேட்டுக்குக் காரியஸ்தர். தச்சு வேலையில் தொடங்கி அந்த இடத்துக்கு வந்தவர். அவருக்கு இரண்டு கல்யாணம். மூத்த தாரத்தின் பிள்ளைகள் ராபர்ட், ஃபேனி. இளைய தாரத்துக்கு கிறிஸ்ஸி (1814), ஐசக் (1816), மேரி ஆன் (1819). மேரி ஆன் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நனீட்டன் பக்கத்தில் உள்ள கிரிஃப் என்ற பண்ணை வீட்டுக்குக் குடிபோனது. பரண் அறை, பக்கத்தில் குளம், கொஞ்ச தூரத்தில் படகு போகும் கால்வாய். நாவலில் மேகி அழுவதற்கு ஓடும் பரணும், டாமோடு தூண்டில் போடும் குளமும் இந்த வீட்டுச் சரக்குதான். இன்றைக்கும் கிரிஃப் வீடு நிற்கிறது, உணவகமாக.

ஐசக்குக்கும் மேரி ஆனுக்கும் மூன்றரை வயசு வித்தியாசம். அண்ணன் போகும் இடமெல்லாம் தங்கை பின்னாடியே ஓடும். அவனுக்கு ஒரு மட்டக்குதிரை வாங்கிக் கொடுத்த பிறகு இவளோடு விளையாட அவனுக்கு நேரமில்லாமல் போனது, இவள் தவித்துப்போனாள் என்று எலியட் இறந்த பின் கணவர் கிராஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை, எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நாற்பது வயதில் உட்கார்ந்து எழுதும்போது அந்த ஏக்கம் துளி குறையாமல் இருக்கிறது, அதுதான் ஆச்சரியம்.

முதல் பிளவு மதத்தில் வந்தது. 1841-இல் ஐசக் கல்யாணம் செய்து கிரிஃப் வீட்டையும் அப்பாவின் வேலையையும் எடுத்துக்கொண்டான். அப்பாவும் மகளும் கோவென்ட்ரி பக்கம் குடிபோனார்கள். அங்கே அவருக்குச் சுதந்திரச் சிந்தனையாளர்கள் சிநேகிதம் ஆனார்கள். 1842 ஜனவரியில் ஒரு நாள், இனி சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். வீடே அல்லோலகல்லோலம். சில மாதங்களில் ஒரு சமரசம்: உடம்பு சர்ச்சுக்கு வரும், மனசு எங்கே இருக்கும் என்று யாரும் கேட்கக் கூடாது. அதன் பிறகு 1849-இல் அப்பா சாகும்வரை அவரைப் பார்த்துக்கொண்டது இந்த மகள்தான். அப்பாவின் உயில்படி சொத்து பத்தெல்லாம் மகன்களுக்கு. மேரி ஆனுக்கு 2000 பவுண்டு, அதுவும் கையில் இல்லை, டிரஸ்ட்டில். வட்டியை அனுப்பும் பொறுப்பு ஐசக்கிடம். மேலே சொன்ன கடிதத்தில் வட்டிப் பேச்சு வருவது இதனால்தான்.

பிறகு லண்டன். 'வெஸ்ட்மின்ஸ்டர் ரெவ்யூ' பத்திரிகையை, பெயர் போட்டுக்கொள்ளாமல், நடைமுறையில் நடத்தியதே அவர்தான். அங்கேதான் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் வருகிறார். எழுத்தாளர், விமர்சகர், பிற்பாடு விஞ்ஞானமும் எழுதியவர். ஏற்கெனவே கல்யாணமானவர்.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் தெரிந்தால்தான் கதை புரியும். லூயிஸின் மனைவி ஆக்னஸுக்கு அவருடைய நண்பர் தார்ன்டன் ஹன்ட்டோடு உறவு. 1850-இல் பிறந்த குழந்தை ஹன்ட்டுடையது என்று தெரிந்தும் லூயிஸ் தன் பெயரைக் கொடுத்தார். பெருந்தன்மைதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் மனைவியின் உறவை மன்னித்துவிட்டார் என்று ஆகிவிட்டது. மன்னித்த பிறகு அதையே காரணமாக்கி விவாகரத்து கேட்க முடியாது. அந்தக் காலத்தில் முழு விவாகரத்து வேண்டுமென்றால் பார்லிமென்டில் தனிச் சட்டமே போட வேண்டும், பணக்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற விஷயம். 1857-இல் புதிய சட்டம் வந்து விவாகரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் 'மன்னித்தல்' என்கிற தடை அதிலும் அப்படியே இருந்தது. ஆக, லூயிஸுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. (ஆக்னஸ் 1902 வரை இருந்தார். லூயிஸையும் எலியட்டையும்விட நீண்ட ஆயுள்.)

1854 ஜூலையில் லூயிஸும் மேரி ஆனும் ஒன்றாக ஜெர்மனிக்குக் கிளம்பினார்கள். திரும்பி வந்து ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள். லண்டனில் எல்லோருக்கும் தெரியும். கிரிஃப் வீட்டுக்கு மட்டும் மூன்று வருஷம் தெரியாது.

வக்கீலுக்கு அவர் எழுதிய பதிலில் பொய் இல்லை. எங்கள் திருமணம் சட்டப்படி ஆனதல்ல, ஆனால் நாங்கள் இருவரும் அதைப் புனிதமான பந்தமாகவே கருதுகிறோம், அவரால் விவாகரத்து பெற முடியாத நிலை என்று எழுதினார். ஐசக் அதோடு கதவைச் சாத்தினான். தான் சாத்தியதோடு நிற்காமல், ஃபேனியும் கிறிஸ்ஸியும் எழுதுவதை நிறுத்தும்படியும் பார்த்துக்கொண்டான்.

ஐசக்கை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவன் நின்ற இடத்தையும் பார்க்கணும். அப்பாவுக்குப் பிறகு எஸ்டேட் காரியஸ்தர் அவன்தான். நிலப்பிரபுவின் நம்பிக்கையும் ஊரில் உள்ள மதிப்பும்தான் அந்த உத்தியோகம். மனப்பூர்வமாகவே அவன் சர்ச் ஆளும்கூட. அவனுடைய கண்ணில் தங்கை செய்தது பாவம், அதைவிட மோசம், மூன்று வருஷம் மறைத்தது. கடைசி விஷயத்தில் அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு என்றுதான் நினைக்கிறேன். என்னால் ஏற்க முடியாதது கிறிஸ்ஸி விஷயம்.

கிறிஸ்ஸி, அக்கா. டாக்டரைக் கல்யாணம் செய்து, வரிசையாகப் பிள்ளைகள் பெற்று, 1852 கடைசியில் கணவரை இழந்து, ஆறு குழந்தைகளோடு கையில் ஒன்றும் இல்லாமல் நின்றவர். தம்பி ஐசக்கின் தயவில்தான் வாழ்க்கை. தங்கைக்கு எழுதாதே என்று தம்பி சொன்னால் அவர் என்ன செய்வார்? 1859 தொடக்கத்தில் காசநோயில் படுத்த படுக்கையானபோதுதான் எழுதினார், உனக்கு எழுதாமல் விட்டதற்கு வருந்துகிறேன் என்று. அடுத்த மாதம், மார்ச் 15, இறந்துபோனார்.

தேதிகளைக் கவனியுங்க. 1859 பிப்ரவரி 1, 'ஆடம் பீட்' நாவல் வெளியாகிறது, 'ஜார்ஜ் எலியட்' என்ற பெயர் ஊரெல்லாம் பேச்சு. அதே மாதக் கடைசியில் கிறிஸ்ஸியின் கடிதம். மார்ச்சில் சாவு. அந்த மாதங்களில்தான் அவர் அடுத்த நாவலுக்கான வேலையில் இருக்கிறார். முதலில் அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'சிஸ்டர் மேகி'. 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' என்பது பதிப்பாளர் ஜான் பிளாக்வுட் பிற்பாடு சொன்ன தலைப்பு. 'தங்கை மேகி' என்று முதல் தலைப்பே உறவுமுறையோடுதான் இருந்திருக்கிறது.

இன்னொரு தேதியும் உண்டு. 1859 ஜனவரியிலேயே அவரும் லூயிஸும் 'ஆனுவல் ரெஜிஸ்டர்' என்கிற ஆண்டுத் தொகுப்புகளைப் புரட்டி, பழைய வெள்ளச் சேதச் செய்திகளைக் குறிப்பெடுத்திருக்கிறார்கள். நாவலின் முடிவு வெள்ளம். அதாவது கதையின் முதல் அத்தியாயங்கள் உருவாகும் முன்பே கடைசிக் காட்சி முடிவாகிவிட்டது. எங்க தொழிலில் டெஸ்ட் கேஸை முதலில் எழுதிவிட்டு அப்புறம் கோட் எழுதுவார்களே, அந்த மாதிரி. வெள்ளம் வரக்கூடிய ஆறும் வேண்டும், ஆலையும் வேண்டும். டார்செட் பக்கம் போய்த் தேடினார்கள், சரிப்படவில்லை. செப்டம்பரில் லிங்கன்‌ஷயரில் ட்ரென்ட் ஆற்றங்கரையில் உள்ள கெய்ன்ஸ்பரோவுக்குப் போனார்கள். கடல் ஓதம் ஆற்றுக்குள் எதிர்த்து ஏறிவரும் ஊர் அது. அதுதான் நாவலில் வரும் 'செயின்ட் ஆக்ஸ்' ஊர். வீடும் குளமும் வார்விக்‌ஷயர், ஆறு மட்டும் லிங்கன்‌ஷயர்.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டோர்ல்கோட் ஆலைக்காரர் டல்லிவருக்கு இரண்டு பிள்ளைகள், டாம், மேகி. டாம் விட்டுப்போன முயல்களுக்குத் தீனி போட மேகி மறந்துபோகிறாள், முயல்கள் செத்துவிடுகின்றன. 'உன்னை எனக்குப் பிடிக்கலை, நாளைக்கு மீன் பிடிக்க நீ வரவேண்டாம்' என்கிற மாதிரி டாம் சொல்ல, மேகி பரணுக்கு ஓடிப்போய் அழுகிறாள். அங்கே ஒரு மரப் பொம்மை வைத்திருக்கிறாள், கோபம் வரும்போது தலையில் ஆணி அடிப்பதற்கென்றே. டாம் கெட்டவன் இல்லை. அவனுக்கு நியாயம் என்றால் நியாயம், தவறு என்றால் தண்டனை, நடுவில் ஒன்றும் கிடையாது. பிற்பாடு வரப்போகிற எல்லாமே இந்த முயல் அத்தியாயத்தில் இருக்கிறது.

டல்லிவர், மேல்மடையில் நிலம் வைத்திருப்பவன் பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்புகிறான் என்று வழக்குப் போட்டுத் தோற்கிறார். நம்ம ஊர் வாய்க்கால் தகராறுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. குடும்பம் திவாலாகிறது. ஆலையை எதிர்த்தரப்பு வக்கீல் வேக்கம் வாங்கி, டல்லிவரையே அதில் சம்பளத்துக்கு வைக்கிறார். டல்லிவர் குடும்ப பைபிளில் மகனை விட்டுப் பழிவாங்கும் சபதத்தை எழுதவைக்கிறார். லத்தீன் படிப்பு மகனுக்குத்தான். ஆனால் லத்தீன் சுலபமாகப் புரிவது மகளுக்கு. வேக்கத்தின் மகன் பிலிப், கூன் விழுந்தவன், மேகியின் மனசுக்கு நெருக்கமானவன். டாம் அதைக் கண்டுபிடித்து பைபிள்மேல் சத்தியம் வாங்குகிறான்.

கடைசியில் ஸ்டீபன் கெஸ்ட். மேகியின் சித்தி மகள் லூசிக்கு முடிவாகிக்கொண்டிருந்த மாப்பிள்ளை. ஒரு நாள் படகில் போகும்போது பேச்சு சுவாரசியத்தில் ஆற்றோட்டம் அவர்களை வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வோம் என்கிறான். மேகி மறுத்து, தனியாக ஊர் திரும்புகிறாள். அதற்குள் ஐந்து நாள். ஊர் பேசி முடித்துவிட்டது. டாம் ஆலை வாசலில் நின்று, உனக்கு இங்கே இடமில்லை என்கிறான்.

அடுத்து நடப்பதைப் பாருங்க. இதுவரை அசட்டுப் பெண்மணியாக வந்த அம்மா, நான் உன்கூட வர்றேன் என்று மகளோடு வெளியே போய்விடுகிறாள். அதைவிட ஆச்சரியம், க்ளெக் பெரியம்மா. நாவல் முழுக்க மேகியைத் திட்டித் தீர்த்தவர். அவர் டாமோடு சண்டைக்குப் போகிறார்: தப்பு என்று நிரூபணமாகாமல் சொந்த ரத்தத்தை எப்படி வெளியே தள்ளுவாய்? எலியட்டின் அம்மாவழி பெரியம்மாக்கள் மூன்று பேரைக் கலந்து உருவானவர்கள் இந்தப் பெரியம்மாக் கூட்டம் என்பார்கள். ஆனால் நிஜத்தில் 1857-இல் அப்படி ஐசக்கோடு சண்டை போட ஒருவரும் வரவில்லை. இல்லாத ஆதரவை நாவலில் எழுதிச் சேர்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நாவலில் அழவைக்கும் இடம் வெள்ளம் இல்லை, இந்தப் பெரியம்மாதான்.

இன்னொன்று. மேகி படகிலிருந்து 'சுத்தமாக'த் திரும்பி வருகிறாள். மேரி ஆன் லூயிஸோடு போனவர் திரும்பவில்லை, வருந்தவும் இல்லை. ஏன் மாற்றினார்? வாசகர்களின் ஒழுக்கத்துக்குப் பயந்து என்பது சுலபமான பதில். அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். என் ஊகம் வேறு. ஒரு தப்பும் செய்யாமல் வந்தாலும் இந்த அண்ணன் கதவைத் திறக்கமாட்டான் என்று காட்டுவதற்குத்தான். வக்கீல் மூலம் கேட்கப்பட்ட 'எப்போது, எங்கே கல்யாணம்' என்ற கேள்விக்குச் சரியான பதில் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை என்று அவர் அப்போது நம்பியிருக்க வேண்டும்.

அப்புறம் வெள்ளம். மேகி நள்ளிரவில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய் டாமை மீட்கிறாள். வீட்டைவிட்டு விரட்டியவனை விரட்டப்பட்டவள் காப்பாற்றுகிறாள். இருவரும் கிளம்பும்போது, வெள்ளத்தில் அடித்துவரும் கனத்த மரச் சிதைவுகள் படகின்மேல் மோதி, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டே மூழ்குகிறார்கள். கல்லறையில் இருவர் பெயரும், சாவிலும் பிரியவில்லை என்கிற பைபிள் வாசகமும். முடிவு திடீரென்று இருக்கிறது என்று அன்றைக்கே புல்வர் லிட்டன் குறை சொன்னார். எலியட்டும் ஒத்துக்கொண்டார்: குழந்தைப் பருவத்தை எழுதும்போது அதன்மேல் உள்ள பிரியத்தில் நேரம் போனதே தெரியவில்லை, மூன்றாம் பாகத்துக்கு இடம் போதவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் எஃப். ஆர். லீவிஸும் அதே இடத்தில் கை வைத்தார். விமர்சனம் சரிதான். ஆனால் ஜனவரியிலேயே வெள்ளத்தைத் தேடி வைத்துக்கொண்டவர், வேறு எந்த வழியாகவும் அந்த இருவரையும் ஒரே படகில் ஏற்ற முடியாது என்று தெரிந்துதானே தேடியிருப்பார்.

நாவலின் முதல் 4000 பிரதிகளுக்கு பிளாக்வுட் கொடுத்தது 2000 பவுண்டு. அப்பா டிரஸ்ட்டில் விட்டுப்போன அதே தொகை. இதைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வந்திருக்காது.

ஆண்டுகள் போயின. லூயிஸின் மகன்கள் இவரை ஜெர்மன் மொழியில் 'முட்டர்', அம்மா, என்றே கூப்பிட்டார்கள். 1869-இல் இரண்டாவது மகன் தார்னி, தென்னாப்பிரிக்காவின் நட்டாலிலிருந்து முதுகெலும்புக் காசநோயோடு வந்து, அதே அக்டோபரில் இவர் மடியில் இறந்தான். அவன் வீட்டில் வலியில் கிடந்த அந்த ஜூலையில்தான் 'பிரதர் அண்ட் சிஸ்டர்' என்று 11 சானெட் கவிதைகள் எழுதினார். கிரிஃப், கால்வாய், தூண்டில், அண்ணன் கை பிடித்து நடந்த பாதை. 12 வருஷமாக ஒரு வரி எழுதாத அண்ணன்.

லூயிஸ் 1878 நவம்பரில் இறந்தார். 1880 மே 6, எலியட் ஜான் கிராஸை மணந்தார். அவர் 20 வயது சின்னவர். லண்டன் நண்பர்கள் பலருக்கு இது அதிர்ச்சி. ஆனால் சர்ச்சில், சட்டப்படி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நடந்த கல்யாணம். மே 17 தேதியிட்டு ஐசக்கிடமிருந்து ஒரு வாழ்த்துக் கடிதம் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மௌனத்தைக் கலைக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததில் மகிழ்ச்சி என்கிற பாணியில், சுருக்கமாக. ஆக, 'எப்போது, எங்கே' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கதவு திறந்துவிட்டது. நான் மேலே சொன்ன ஊகம், ஐசக் விஷயத்தில் பொய்த்துப்போகிறது. அவன் கேட்டது உண்மையிலேயே அது மட்டும்தான் போலிருக்கு. டாம் அளவுக்குக்கூட சிக்கலான ஆள் இல்லை.

எலியட் தேனிலவுப் பயணத்தில் இத்தாலியில் இருந்தார். அங்கிருந்தே பதில் எழுதினார். உன்மேல் உள்ள பாசம் சின்ன வயசிலிருந்து ஒருநாளும் குறையவில்லை என்று. ஒரு குத்தல் இல்லை, கிறிஸ்ஸி பற்றி ஒரு பழைய கணக்கு இல்லை. நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம்தான். 1880 டிசம்பர் 22 இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைக்கவில்லை. லூயிஸோடு வாழ்ந்த வாழ்க்கை அங்கேயும் தடையாக நின்றது. டிசம்பர் 29, ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், லூயிஸின் கல்லறை அருகே அடக்கம் நடந்தது. வந்தவர்களில் 64 வயது ஐசக்கும் ஒருவர். அவர் வந்து நின்ற அந்தக் கல்லறையில் இன்று இருக்கும் பெயர்கள் 'ஜார்ஜ் எலியட்', அதன் கீழே 'மேரி ஆன் கிராஸ்'. எவன்ஸ் என்ற பெயர் அங்கே இல்லை.